ஆறு நாள் வெந்நீர்

பாய்லர் செத்தது திங்கட்கிழமை காலை ஏழேகால் மணிக்கு. நேரம் எனக்கு நன்றாகத் தெரியும். அப்போது நான் மாடியில் தலை நிறையச் சோப்பு நுரையோடு குழாயடியில் நின்றுகொண்டிருந்தேன். கொதிக்கக் கொதிக்க வந்த தண்ணீர் வெதுவெதுப்பானது, அப்புறம் ஐஸாக மாறியது. கீழே புஸ்ஸென்று ஒரு சத்தம், பின்னாலேயே ஒரு கத்தல். தலையில் துண்டைச் சுற்றிக்கொண்டு, கண் எரிய எரியப் படியிறங்கினேன். இந்தக் குளிரில் பாதிக் குளியலில் நிற்பவளுக்குக் கோபம் வருமா, வராதா? எனக்கு வந்தது.

நான் அந்த வீட்டு மாடியில் ஒன்பது வருடமாகக் குடியிருக்கிறேன். தையல் தொழில். கீழே தெருவைப் பார்த்தபடி சலவைக் கடை, அதற்குப் பின்னால் அவர்கள் வீடு, வீட்டுக்கும் பின்னால் பாய்லர் அறை. அந்தப் பாய்லரின் ஆவியில்தான் கீழே துணி வெளுத்தது, காய்ந்தது, மடிப்பு விழுந்தது. ஒரு குழாய் என் மாடிக்கும் வந்ததால் என் இஸ்திரி மேஜையும் குளியலும் அதன் புண்ணியத்தில் ஓடின. ஆக அது செத்தபோது எனக்கும்தான் சாவு.

வீட்டில் மூன்றே பேர். பாய்லரக்கா என்று தெருவே கூப்பிடும் மூத்தவள். புருஷன் விட்டுவிட்டுப் போனதும் பிறந்த வீட்டுக்கே திரும்பி வந்தவள். அவளுடைய தம்பி. அவரை எல்லோரும் முதலாளி என்போம், பாதி மரியாதையாக, பாதி கிண்டலாக. தம்பி மனைவி. நாள் முழுக்கக் கல்லாவில் உட்கார்ந்திருப்பதால் அவளுக்குக் கல்லாக்காரி என்று பெயர். அவளுக்கு இந்தப் பெயர் தெரியும், பிடிக்காது.

மூன்று பேருக்கும் மூன்று வேலை. பாய்லரை எரிப்பதும் பார்த்துக்கொள்வதும் அக்கா. அதற்குப் பரீட்சை எழுதிச் சான்றிதழ் வாங்கி, பாய்லர் அறைச் சுவரில் கண்ணாடி போட்டு மாட்டியிருந்தாள். கல்லா, சீட்டு, வாடிக்கைக்காரர்களின் வாய் எல்லாம் தம்பி மனைவி பாடு. துணி ஏற்றி இறக்குவது, வண்டி ஓட்டுவது, சனிக்கிழமை தோறும் உப்புப் போடுவது முதலாளி. எங்கள் பக்கத்துத் தண்ணீர் அவ்வளவு மோசம். ஒரு டம்ளர் பிடித்து வைத்தால் மறுநாள் அடியில் வெள்ளையாகப் படியும். அது அப்படியே பாய்லருக்குள் போனால் குழாய்களின் மேல் சுண்ணாம்பு ஏறி ஓடு கட்டிவிடும். அதற்காகப் பின்சுவரில் ஏணி வைத்து ஏறும் உயரத்தில், உப்பைக் கொண்டு சுண்ணாம்பைப் பிடித்து நிறுத்தும் ஒரு தொட்டி. தண்ணீர் அதன் வழியாகத்தான் பாய்லருக்குப் போகும். தொட்டிக்கு வாரம் ஒரு மூட்டை உப்பு கொட்ட வேண்டும். கொட்டியதும் ஏணியடிச் சுவரில் சாக்பீஸால் ஒரு கோடு. அவர்களுடைய அப்பா காலத்துப் பழக்கம்.

நான் இறங்கிப் போனபோது பாய்லரின் வாயிலிருந்து தண்ணீர் கொட்டிக்கொண்டிருந்தது. நெருப்பு எரிய வேண்டிய இடத்தில் தண்ணீர். அறை முழுக்க ஆவி. அக்கா ஏற்கெனவே டீசலை அடைத்து, வால்வை மூடி, நனைந்த முந்தானையால் முகத்தைத் துடைத்தபடி நின்றிருந்தாள். முதலாளி வாசலிலேயே நின்று பார்த்தார். உள்ளே கால் வைக்கவில்லை. அவர் வாயிலிருந்து வந்த முதல் வார்த்தை இதுதான்.

"தண்ணி வத்த விட்டுட்டியா அக்கா?"

அக்கா திரும்பினாள். "என்னடா சொன்ன?"

"இல்ல, கேட்டேன். தண்ணி கொறஞ்சு, குழாய் சூடேறி வெடிச்சிருக்கும்னு தோணுது."

"இருபது வருஷமா இந்தக் கண்ணாடிக் குழாயில தண்ணி மட்டம் பாக்கறேன். கொறஞ்சா எனக்குத் தெரியாதா?"

கையில் சீட்டுக் கட்டோடு கல்லாக்காரி வந்து சேர்ந்தாள். அவளுக்கு அந்த ஒரு வார்த்தை போதுமாக இருந்தது. "தெரிஞ்சா ஏன் இப்படி ஆச்சு? காலையில இங்க நின்னு யாரோட ஃபோன்ல பேசிட்டிருந்தீங்க? நான் கேட்டேனே, சிரிப்புச் சத்தம்!"

"நான் சிரிச்சா உனக்குக் குத்துதா?"

"நீங்க சிரிங்க, உருளுங்க, எனக்கென்ன. பாய்லர் போச்சே, அதுக்கு யாரு அழுவுறது?"

பாய்லர் வைத்திருப்பவளைத் தண்ணீர் வற்றவிட்டாய் என்று சொல்வது சாதாரண வசவு இல்லை. டிரைவரைக் குடித்துவிட்டு ஓட்டினாய் என்பது மாதிரி. அக்காவின் முகம் வெளுத்ததை நான் பார்த்தேன். எனக்கு அப்போது அது பெரிதாகப் படவில்லை. என் தலைச் சோப்பு காய்ந்துகொண்டிருந்தது. "என் தலைக்கு ஒரு வழி சொல்லுங்க, அப்புறம் சண்டை போடுங்க" என்றேன். மூன்று பேரும் என்னை முறைத்தார்கள். பச்சைத் தண்ணீரிலேயே தலையை அலசினேன். பல் கிட்டித்துப் போயிற்று.

பத்து மணிக்கு ரிப்பேர்காரரைக் கூப்பிட்டார்கள். அவர் சொன்னது ஒரே வார்த்தை, "நாளைக்கு." செவ்வாய்க்கிழமை கூப்பிட்டபோதும் அதே வார்த்தை. அன்றிலிருந்து அந்த ஆளுக்கு எங்கள் வீட்டில் 'நாளைக்கு' என்றே பெயர் ஆகிவிட்டது.

திங்கள் மத்தியானம் கல்லாவுக்குப் பின்னால் அவர்கள் ரொட்டியும் வேகவைத்த உருளைக்கிழங்கும் சாப்பிட உட்கார்ந்தபோதுதான் விஷயம் முற்றியது. நான் என் இஸ்திரிக்கு வழி கேட்கப் போயிருந்தேன். கல்லாக்காரி கிழங்கை உரித்துக்கொண்டே சொன்னாள்.

"இதுக்கு ஒரு முடிவு வேணும். பாய்லருக்கு ஒரு ஆள் வச்சுக்கலாம். பொம்பளை பாக்கற வேலையா இது? பின் ரூம்ல அந்த ஆள் தங்கிக்கட்டும்."

"பின் ரூம்ல நான் இருக்கேன்" என்றாள் அக்கா.

"அதைத்தான் சொல்றேன்."

அந்தப் பின் அறைதான் அவர்களுக்குள் பதினாறு வருடச் சண்டை. பாய்லர் சுவரை ஒட்டிய அறை, வீட்டிலேயே கதகதப்பானது. கல்யாணமாகி வந்த அன்று கல்லாக்காரி அந்தக் கதவைத் திறக்கப் போக, தட்டிட்டு வா என்று அக்கா சொன்னாளாம். அதை இவள் மறக்கவே இல்லை. இவள் ஒரு சட்டையை மடித்தால் அக்கா அதைப் பிரித்து மறுபடி மடிப்பாள். அக்கா போட்ட காபியை இவள் பாத்திரம் கழுவும் தொட்டியில் கொட்டுவாள். வாடிக்கைக்காரர்கள் முன்னால் இரண்டு பேரும் சிரிப்பார்கள்.

"நீ என்னடா சொல்ற?" என்று அக்கா தம்பியைக் கேட்டாள்.

முதலாளி ரொட்டியைப் பிய்த்தபடி தட்டைப் பார்த்தே பேசினார். "ரிப்பேர்காரர் வரட்டும். அவரு திறந்து பாத்து, தண்ணி வத்தித்தான் போச்சுன்னு சொன்னாருன்னா... நீயும் வேற இடம் பாத்துக்க வேண்டியதுதான் அக்கா. அப்புறம் எப்படி உன்னை நம்பிப் பாய்லரைக் குடுக்கறது?"

"வத்தலைன்னு சொன்னா?"

கல்லாக்காரிதான் சொன்னாள். "சொல்லட்டுமே, பாக்கலாம்."

அக்கா எழுந்து தட்டைக் கழுவப் போனாள். அறுபதை எட்டப் போகிறவள். சுவரில் மாட்டிய சான்றிதழைத் தவிர உலகத்தில் அவளுக்கு வேறு எதுவும் கிடையாது. ரிப்பேர்காரரின் வாயிலிருந்து வரப் போகும் ஒரு வார்த்தையில்தான் அவள் இருப்பும் போக்கும் என்று ஆயிற்று. அந்த ஆளோ நாளைக்கு, நாளைக்கு என்கிறான்.

பாய்லர் சரியாகும்வரை கடையை மூட முடியுமா? முடியாது. முதியோர் இல்லத்துப் படுக்கை விரிப்புகள் ஒரு நாள் தவறாமல் வரும். அவற்றின் நிலைமையை நான் விவரிக்க வேண்டாம். வெந்நீர் இல்லாமல் அந்தக் கறை போகாது, நாற்றமும் போகாது. ஆகவே கல்லாக்காரி பின்பக்கக் கொட்டகைக்குள் நுழைந்து, பழைய திரைச்சீலைக் குவியலையெல்லாம் இழுத்துப் போட்டு, ஒரு பெரிய அண்டாவை வெளியே உருட்டிக்கொண்டு வந்தாள். முற்றத்தில் மூன்று கல். விறகு ஈரம். மழை வேறு நசநசவென்று தூறிக்கொண்டே இருந்தது. தகரத்தைச் சாய்த்து வைத்து அதன் அடியில் தீ மூட்டினார்கள்.

அந்த வேலையை நான் மாடி ஜன்னலிலிருந்து பார்த்தேன், இறங்கியும் செய்தேன். ஒரு அண்டா கொதிக்க ஒன்றேகால் மணி நேரம். கொதித்ததை வாளியில் மொண்டு, முற்றம் தாண்டி, இரண்டு படி ஏறி, துவைக்கும் தொட்டியில் ஊற்ற வேண்டும். எட்டு வாளி போனால் ஒரு தொட்டி நிறையும். அதற்குள் முதலில் ஊற்றியது ஆறிவிடும். தொட்டியில் விரிப்பைப் போட்டுக் கழியால் குத்தி, கிளறி, எடுத்து, இரண்டு பேர் ஆளுக்கொரு முனையைப் பிடித்து எதிரெதிராக முறுக்கிப் பிழிய வேண்டும். பிழிவதற்கு வேறு ஆள் இல்லை. அக்காவும், அவளை அண்ணி என்று கூப்பிடும் கல்லாக்காரியும்தான். முனையைப் பிடித்துக்கொண்டு அவர்கள் முறுக்கிய முறுக்கில் விரிப்பு கிழியாதது ஆச்சரியம்.

"இறுக்கிப் பிடிங்க அண்ணி. கை விட்டுப் போகுது."

"என் கையெல்லாம் விட்டுப் போகாது. நீ நேரா நில்லு."

"நான் நேராத்தான் நிக்கறேன். தரைதான் கோணல்."

"தரை எங்கப்பா போட்டது. கோணல் உன் கால்ல."

பிழிந்ததைக் கொடியில் போட்டால் மழை. உள்ளே போட்டால் காய மூன்று நாள். கடைக்குள் கயிறு கட்டி வரிசையாகத் தொங்கவிட்டதில், வாடிக்கைக்காரர்கள் ஈரத் துணிக்கு நடுவே குனிந்து குனிந்து வந்தார்கள். சட்டை கேட்டு வந்த ஒருவர் விரிப்பு முகத்தில் ஒட்ட, "இது கடையா, ஆஸ்பத்திரியா?" என்று கத்திவிட்டுப் போனார். கல்லாக்காரி அவரிடம் சிரித்தாள். அவர் போனதும் அடுப்படிக்கு வந்து கரண்டியைத் தரையில் எறிந்தாள்.

செவ்வாய்க்கிழமை இன்னொரு கூத்து. சமையல் அடுப்பிலும் வெந்நீர் வைத்திருந்ததால் மதியத்துக்குச் சமைக்க அடுப்பு இல்லை. கல்லாக்காரி ஒரு துணிப் பையில் ஆறு முட்டையைக் கட்டி, அண்டாவுக்குள் இறக்கிவிட்டாள். அக்கா மூடியைத் திறந்தவள் அப்படியே நின்றாள்.

"துணி வெளுக்கற தண்ணில முட்டையா வேக வைக்கற?"

"துணி இன்னும் போடலையே. தண்ணிதானே. தோலோடதானே வேகுது?"

"எனக்கு வேண்டாம் உன் முட்டை."

"நல்லதாப் போச்சு. எங்களுக்கு ஆளுக்கு மூணு."

முதலாளி மூன்றையும் தின்றார். அக்கா வெறும் ரொட்டியைக் காபியில் நனைத்துத் தின்றாள். எனக்கே சிரிப்பு வந்தது அப்போது. இப்போது நினைத்தால் வரவில்லை.

அந்த ஆறு நாளும் முதலாளி என்ன செய்தார் என்று சொல்லிவிடுகிறேன். வண்டி ஓட்டினார், விறகு வாங்கி வந்தார், ரிப்பேர்காரருக்கு ஃபோன் செய்தார். மற்ற நேரமெல்லாம் கடை வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். பொண்டாட்டி அக்காவைத் திட்டும்போது ஒரு தடவைகூட 'போதும் விடு' என்று அவர் சொல்லவில்லை. நல்ல மனுஷன், சண்டைக்குள் போக மாட்டார் என்று தெருவில் அவருக்குப் பெயர். எனக்கும் அந்த எண்ணம்தான் இருந்தது. என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

புதன்கிழமை அக்காவின் கை வெந்தது. தண்ணீர் ஆறாமல் இருந்தால் விறகு மிச்சம், பாதி நிரப்பிய அண்டாவையே இரண்டு பேரும் தூக்கித் தொட்டியருகே கொண்டு போகலாம் என்று கல்லாக்காரி யோசனை சொன்னாள். ஆளுக்கொரு காதைப் பிடித்துத் தூக்கினார்கள். படியில் ஏறும்போது கல்லாக்காரி, "வையுங்க, வையுங்க" என்று சொல்லிக்கொண்டே தன் பக்கத்தை இறக்கிவிட்டாள். அக்கா இன்னும் இறக்கவில்லை. தண்ணீர் மறுபக்கம் சாய்ந்து அவள் இடது முன்கை முழுக்க ஊற்றியது. அவள் போட்ட சத்தத்தில் நான் மாடியிலிருந்து கத்தரிக்கோலோடு ஓடி வந்தேன்.

"வேணும்னே விட்ட!" என்றாள் அக்கா, பல்லைக் கடித்துக்கொண்டு.

"நான் வையுங்கன்னு சொன்னேன்! காது கேக்கலைன்னா நான் என்ன பண்றது?" கல்லாக்காரி ஒரு படி பின்வாங்கினாள். பயந்துவிட்டாள். ஆனால் ஒரு 'ஐயோ' அவள் வாயிலிருந்து வரவில்லை.

நான் அக்காவின் கையைக் குழாயடியில் கால் மணி நேரம் பிடித்தேன். முதலாளி எட்டிப் பார்த்து, "பாத்துத் தூக்கக் கூடாதா அக்கா?" என்றார். அக்கா தம்பியை ஒரு பார்வை பார்த்தாள். மருந்து தடவித் துணி சுற்றியதும் மறுபடி அண்டாவுக்குப் போய்விட்டாள். ஒரு கையால் கழியைப் பிடித்துக் குத்தினாள்.

வியாழக்கிழமை சாயங்காலம் அவள் என் அறைக்கு வந்தாள். வந்தவள் உட்காராமல், தைத்து மாட்டியிருந்த பாவாடைகளை ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தாள்.

"உன் ரூமு பெருசுதான், இல்ல?" என்றாள்.

"எங்கக்கா பெருசு? மெஷினும் மேஜையும் போக என் காலை நீட்ட இடமில்லை."

"அந்த மூலையில ஒரு கட்டில் போடலாம் போல இருக்கே."

எனக்குப் புரிந்துவிட்டது. புரிந்தும் புரியாத மாதிரி, "அங்க துணி கட்டு வைக்கணும்க்கா" என்றேன். அவள் தலையை ஆட்டினாள். "சும்மா கேட்டேன்" என்று சொல்லிவிட்டுக் கீழே போனாள். என்னைப் பற்றி நானே சொல்லிக்கொள்ள வெட்கமாகத்தான் இருக்கிறது. ஒன்பது வருடம் அவள் எரித்த நெருப்பில் குளித்தவள் நான். ஒரு மூலை கேட்டதற்கு இல்லை என்றேன்.

வெள்ளிக்கிழமை முதியோர் இல்லத்திலிருந்து ஒரு கட்டு விரிப்பு திரும்பி வந்தது. கறை போகவில்லை, ஈர வாடை அடிக்கிறது என்று. கொண்டு வந்த பெண்மணி மூக்கைப் பொத்திக்கொண்டு நின்றாள். கல்லாக்காரி அந்தக் கட்டை அப்படியே தூக்கிப் போய் அக்காவின் காலடியில் போட்டாள்.

"உங்க லட்சணம்! பாருங்க. நல்லாப் பாருங்க. நாளைக்கு அந்த ஆள் வரட்டும், உங்க பெட்டியை நானே தூக்கிட்டு வந்து வாசல்ல வைக்கறேன்."

"வை. எங்கப்பா கட்டின வாசல்தானே."

"அப்பா, அப்பா! அப்பா கட்டினாரு, நீங்க கெடுத்தீங்க!"

முதலாளி வாசலில் ஆரஞ்சுப் பழம் உரித்துக்கொண்டிருந்தார்.

சனிக்கிழமை காலை ஒன்பதரைக்கு 'நாளைக்கு' வந்தேவிட்டார். குட்டையான, வழுக்கைத் தலை ஆள். பெரிய தாமதத்துக்கு ஒரு சின்ன மன்னிப்புகூடக் கேட்கவில்லை. "டீ இருக்கா?" என்றுதான் ஆரம்பித்தார். டீ குடித்து முடித்து, கோட்டைக் கழற்றி, டார்ச்சை வாயில் கவ்விக்கொண்டு, பாய்லரின் முன் கதவைக் கழற்றி உள்ளே தலையை விட்டார். நாங்கள் நாலு பேரும் சுற்றி நின்றோம். அக்கா கட்டுப் போட்ட கையை மறு கையால் பிடித்துக்கொண்டு நின்றாள். கல்லாக்காரி கையைக் கட்டிக்கொண்டு, ஜெயித்த முகத்தோடு நின்றாள்.

உள்ளிருந்தே அவர் கேட்டார். "தண்ணி கொறஞ்சுதுன்னு யாரு சொன்னது?"

"ஏன், கொறயலையா?" என்றாள் கல்லாக்காரி.

அவர் தலையை வெளியே எடுத்தார். முகமெல்லாம் கரி. "கொறஞ்சிருந்தா முதல்ல ஈய மூடி உருகும்மா. அதுக்குத்தான் அதை உள்ள வச்சிருக்கு. தண்ணி வத்துச்சுன்னா அது உருகி, ஓட்டை வழியா தண்ணி இறங்கி நெருப்பை அணைச்சிடும். இங்க பாருங்க, ஈயம் புதுசு மாதிரி அப்படியே இருக்கு. பாய்லர் பாத்தவங்க மேல ஒரு தப்பும் இல்லை. நல்லாத்தான் பாத்திருக்காங்க."

அக்கா ஒரு பெரிய மூச்சு விட்டாள். ஆறு நாளாக அவள் மூச்சே விடவில்லையோ என்று எனக்குத் தோன்றியது.

"அப்ப எதுல போச்சு?" என்று கல்லாக்காரி விடாமல் கேட்டாள்.

'நாளைக்கு' மேல் மூடியைக் கழற்றி, உளியை உள்ளே விட்டுத் தட்டினார். உடைந்த ஓடு மாதிரி வெள்ளைத் துண்டுகள் கையில் வந்தன. விரல் பருமன். "இதான். குழாய் மேல எல்லாம் சுண்ணாம்பு. தண்ணி குழாயைத் தொடவே இல்லை, அப்புறம் குழாய் எப்படித் தாங்கும்? ரெண்டு மாசத்துக்கு மேல உப்பே போடாத தண்ணிம்மா இது. உப்பு யாரு போடுறது?"

மழைத் தண்ணீர் தகரத்தில் சொட்டுகிற சத்தம் கேட்டது. முதலாளி தொண்டையைச் செருமினார்.

"அக்காதான் போடும்" என்றார்.

நான் என் காதால் கேட்டேன். அக்கா அவரைப் பார்த்தாள். வாய் திறந்தபடியே இருந்தது, சத்தம் வரவில்லை. எத்தனையோ சண்டையில் அவள் வாயடைத்து நான் பார்த்ததில்லை. எனக்குத் தெரியும், உப்பு யார் வேலை என்று. சொல்ல வேண்டும் என்று நாக்கு நுனிவரை வந்துவிட்டது. சொன்னால் மாடியைக் காலி செய்யச் சொல்வாரோ என்று ஒரு பயமும் கூடவே வந்தது. அந்த இரண்டுக்கும் நடுவில் நான் நின்றுகொண்டிருந்தபோது கல்லாக்காரி நகர்ந்தாள்.

அவள் ஏணியடிக்குப் போய்ச் சுவரில் இருந்த சாக்பீஸ் கோடுகளைப் பார்த்தாள். வாரத்துக்கு ஒன்று, ஒழுங்காக, போன சனிக்கிழமை வரை இருந்தது. பிறகு கொட்டகைக்குள் போனாள். திரைச்சீலைகளை இழுத்தெறிகிற சத்தம். ஒரு உப்பு மூட்டையைத் தரையோடு தரதரவென்று இழுத்துக்கொண்டு வந்து எங்கள் நடுவில் போட்டாள். தையல் பிரிக்காத மூட்டை.

"இந்த மாதிரி உள்ள பதினொண்ணு கிடக்கு" என்றாள். மூச்சு வாங்கியது. "திங்கக்கிழமை அண்டா எடுக்கப் போனப்பவே பாத்தேன். மொத்தமா வாங்கிப் போட்டிருக்காருன்னு நெனச்சேன். சொல்லுங்க. கோடு யாரு போட்டது?"

"அது... அக்கா..."

"உப்பு உங்க வேலை. கல்யாணம் ஆன நாள்லேர்ந்து பாக்கறேன். சனிக்கிழமை உப்புப் போட்டுட்டு வந்துதான் நீங்க குளிப்பீங்க. இதுவரைக்கும் அவங்க அந்த ஏணியில ஏறி நான் பாத்ததே இல்லை. கோடு யாரு போட்டது?"

முதலாளி மூட்டையைப் பார்த்தார். ரிப்பேர்காரரைப் பார்த்தார். கடைசியில் மெதுவாகச் சொன்னார். "மழை ஆரம்பத்துல ஏணியில காலு வழுக்கிருச்சு. மூட்டையோட விழுந்தேன். யாரும் பாக்கலை. அதுக்கப்புறம் ஏற முடியலை. ரெண்டாவது படியிலயே காலு உதறுது."

"சரி. பயம். ஒத்துக்கறேன். அதுக்குக் கோடு எதுக்குப் போட்டீங்க?"

முதலாளி குனிந்து மூட்டையின் தையலைத் தடவிக்கொண்டிருந்தார்.

"அண்ணியை நான் வெளிய அனுப்பணும்னா என் வாயால அனுப்புவேன்" என்றாள் கல்லாக்காரி. "அதுக்கு என்கிட்ட ஆயிரம் காரணம் இருக்கு. உங்க பொய் எனக்குத் தேவையில்லை."

அக்காவுக்கு அப்போதுதான் குரல் வந்தது. அவள் கத்துவாள் என்று நினைத்தேன். கத்தவில்லை. "பயமா இருக்குன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நானே ஏறிக் கொட்டியிருப்பேன்டா. சிரிச்சிருக்கக்கூட மாட்டேன்" என்றாள். "இவ திட்டினா. நான் பண்ணேன்னு நம்பித் திட்டினா. உனக்குத் தெரியும். தெரிஞ்சுக்கிட்டே பக்கத்துல உக்காந்து மூணு முட்டை தின்ன. என் கை வெந்தப்ப, பாத்துத் தூக்கக் கூடாதான்னு கேட்ட."

"தப்புதான்கா. விடு. நீ எங்கயும் போக வேண்டாம், இங்கயே இரு."

"இருன்னு சொல்ல நீ யாருடா?"

ரிப்பேர்காரர் சங்கடத்தோடு, "நான் குழாயைக் கழட்டட்டுமா?" என்று கேட்டார். பதிலுக்குக் காத்திராமல் அவரே கழற்ற ஆரம்பித்தார்.

கெட்டுப்போன குழாய் மூன்று. பழசை அறுத்து எடுத்து, புதுசைச் செருகி, முனையை விரித்து அடைக்கச் சாயங்காலம் ஆகிவிட்டது. மிச்சச் சுண்ணாம்பைக் கரைக்க வேறொரு நாள் ஆசிட்டோடு வருவதாகச் சொன்னார். எந்த நாள் என்று நாங்கள் கேட்கவில்லை. அதற்குள் ஏணியில் ஏறி உப்பைக் கொட்டியது அக்கா, ஒற்றைக் கையால், பாத்திரம் பாத்திரமாக மொண்டு. கீழே ஏணியைப் பிடித்தது நான். இரண்டு தடவை என் தலையில் உப்பு விழுந்தது. வாயை மூடிக்கொண்டேன், எனக்கு அது வேண்டியதுதான். மூலையில் கட்டில் போட்டுக்கோக்கா என்று சொல்ல நினைத்தேன். இனிமேல் சொல்வதில் என்ன கௌரவம் இருக்கிறது?

ஐந்தரை மணிக்கு அக்கா பாய்லரைப் பற்ற வைத்தாள். ஆறரைக்குக் குழாய்கள் டக் டக்கென்று சூடேறின. கடைக்குள் தொங்கிய விரிப்புகளிலிருந்து ஆவி எழும்பியது. நான் என் துணிகளை எடுத்துக்கொண்டு இஸ்திரிக்கு மாடி ஏறப் போனவள், கல்லாவில் பேச்சுக் கேட்டு நின்றுவிட்டேன். ஒட்டுக் கேட்டேன் என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

"வெளியாள் முன்னாடி என்னைக் காட்டிக் குடுத்துட்டியே" என்று முதலாளி சொல்லிக்கொண்டிருந்தார். குரலில் கோபத்தைவிட மனத்தாங்கல்தான் அதிகம். "உனக்குத்தான் அவளைக் கண்டாலே ஆகாதே. பேசாம இருந்திருந்தா இந்நேரம் அவ போயிருப்பா. நீ கேட்ட ரூமு உனக்கு."

கல்லாக்காரி சீட்டுகளை அடுக்கிக்கொண்டிருந்தாள். அடுக்கி முடித்து, ரப்பர் மாட்டிவிட்டு நிமிர்ந்தாள்.

"அவங்க போயிருப்பாங்க. அப்புறம் வீட்ல யாரு மிச்சம்?"

"நாமதான்."

"அடுத்த தடவை ஏதாவது உடைஞ்சா யாரு பண்ணதுன்னு சொல்லுவீங்க?"

"என்ன பேச்சு இது..."

"கேக்கறேன். அக்காவைச் சொன்னீங்க. கூடப் பொறந்தவ. சின்னதுலேர்ந்து உங்களைத் தூக்கி வளத்தவ. அவளையே அப்படிச் சொன்ன வாய், என்னைச் சொல்லாதுன்னு என்ன நிச்சயம்? இல்லைன்னு சொல்லுங்க. ஒரே ஒரு வார்த்தை. சொன்னா நம்பிட்டு உள்ள போயிடறேன்."

அவள் காத்திருந்தாள். நானும் படியில் மூச்சை அடக்கிக்கொண்டு காத்திருந்தேன். சொல்லித் தொலையேன் மனுஷா என்று என் மனசு அடித்துக்கொண்டது. முதலாளி வாயைத் திறந்தார். "நீ எதையும் பெருசாக்குவ" என்றார்.

கல்லாக்காரி தலையை ஆட்டினாள். அவள் அழுவாள் என்று நினைத்தேன். கல்லாவைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு, ஈர விரிப்புகளை விலக்கியபடி நேராகப் பாய்லர் அறைக்குப் போனாள். நானும் பின்னாலேயே போனேன். இனி ஒளிந்துகொள்வதில் என்ன இருக்கிறது?

அக்கா கண்ணாடிக் குழாய் முன்னால் முக்காலி போட்டு உட்கார்ந்திருந்தாள். திரும்பிப் பார்க்காமலே, "என்ன, பெட்டி தூக்க வந்தியா?" என்றாள்.

"இதுல தண்ணி எப்படிப் பாக்கறதுன்னு சொல்லுங்க. உப்பு, வால்வு, அந்த ஈயம், எல்லாம்."

"உனக்கெதுக்கு?"

"நாளைக்கு என் தலையில விழுந்தா, நான் பண்ணலைன்னு சொல்ல எனக்கும் தெரிஞ்சிருக்கணும் அண்ணி. உங்களுக்கு ஒரு ஈயம் இருந்துச்சு சாட்சிக்கு. எனக்கு என்ன இருக்கு?"

அக்கா இப்போது திரும்பினாள். இவளை மேலும் கீழும் பார்த்தாள். கட்டுப் போட்ட கை மடியில் கிடந்தது. கல்லாக்காரியின் கண் அந்தக் கையில் விழுந்து, உடனே வேறு பக்கம் போய்விட்டது.

"எல்லாத்தையும் கத்துக்கிட்டு, அப்புறம் என்னை வெளிய தள்ளவா?"

"அது வேற சண்டை. அதைத் தனியா வச்சுக்கலாம்."

அக்கா சிரிக்கவில்லை. இவளும் சிரிக்கவில்லை. பாய்லர் உறுமிக்கொண்டிருந்தது. அக்கா முக்காலியை ஒரு சாண் நகர்த்தினாள்.

"அங்க நிக்காத, குழாய் சுடும். இப்படி வா" என்றாள். "இந்தச் சிவப்புக் கோடு தெரியுதா? தண்ணி இதுக்குக் கீழ எறங்கக் கூடாது. எவன் வந்து என்ன சொன்னாலும், உன் கண்ணால பாக்காம நம்பாத."